கால் இல்லாத குண்டு மெசின்

மாமா கொழும்புக்குப் போகப்போகிறார் என்பதில் எனக்கு அப்போது பெரிய வருத்தம் எதுவும் இல்லை. போனால் சப்பாத்து வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார். நடக்கும்போது குதிகாலில் விளக்கு எரியும் சப்பாத்து. அதற்காக ஒரு மாமாவை அனுப்பிவைக்கலாம் என்றுதான் எனக்குப் பட்டது.

அவர் அம்மாவின் தம்பி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவில், எங்களோடுதான் இருந்தார். எங்கள் தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனவர்கள் முதலில் தீபாவளிக்குத் தீபாவளி வந்தார்கள். பிறகு ஒரு தீபாவளிக்கு வராமல் விட்டார்கள். பிறகு அவர்களைப் பற்றிய பேச்சும் குறைந்துபோனது. மாமாவுக்கும் அங்கே ஒரு புடவைக் கடையில் இடம் பேசியாகிவிட்டது. அவருடைய நீலப் பை உடுப்புகளோடு எங்கள் காம்பராவின் வாசல்பக்கத்து இஸ்தோப்பில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னேரத்தில் கொழுந்துக்கூடையை இறக்கிவைக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு அந்தப் பைதான் முதலில் கண்ணில் படும்.

அந்த நேரத்தில்தான் மாமா பதுளையில் அந்த மெசினைப் பார்த்துவிட்டு வந்தார். பண்டாரவளைப் பக்கம் மூடிப்போன ஏதோ ஒரு கெஸ்ட் ஹவுஸின் சாமான்களோடு அது ஒரு பழைய சாமான் கடைக்கு வந்திருந்தது. பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே இரும்புக் குண்டு ஓடும். இரண்டு பக்கமும் பட்டன்; அமுக்கினால் உள்ளே ஒரு துடுப்பு குண்டைத் தட்டிவிடும். குண்டு எதிலாவது முட்டினால் மணியடிக்கும், லைட் எரியும். காசு போட்டு விளையாடுவது. பின்பால் என்று கடைக்காரர் பெயர் சொல்லியிருக்கிறார். எங்கள் லயம் அந்தப் பெயரைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. குண்டு மெசின் என்றே சொன்னது.

லுணுகலை டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர், கடையோடு ஒட்டிய சின்ன அறையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். சம்பள நாளில் சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் வருவார்கள். மெசின் ஓடினால் கொழும்பு வேண்டாம். ஓடாவிட்டால் பை தயாராக இருக்கிறது. மாமா கணக்கு அவ்வளவுதான்.

அம்மா தன் சீட்டுக் காசைக் கொடுக்க ஒத்துக்கொண்டாள். அடுப்படிக் கூரைத் தகரம் மாற்ற வைத்திருந்த காசு அது. அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. விளையாட்டுச் சாமானை வாங்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொள்ளப் போகிறோமா என்று கேட்டார். அம்மா ஒழுகும் இடத்தில் வாளியை நகர்த்தி வைத்தாள்.

பதுளைக்கு அம்மா, மாமா, நான் என்று மூன்று பேர் போனோம். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஸ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், யாரும் ஏமாற்றிவிடக்கூடாது என்று என்னையும் கூட்டிப் போனார்கள். நான் கண்ணாடியில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். நல்ல மெசின் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். நாலாம் வகுப்பில் அவ்வளவுதான் முடியும்.

மெசினுக்குக் கால்கள் இல்லை. வரும்போதே இல்லையாம். தலைப்பக்கத்தை ஒரு மரப்பெட்டியிலும் மறுபக்கத்தை அதைவிடத் தாழ்வான பலகையிலும் வைத்திருந்தார்கள். கரண்ட் கொடுத்ததும் குண்டு மேலே பாய்ந்தது, முட்டி முட்டிக் கீழே வந்தது, மணி அடித்தது. கடைக்கார நானா சொன்ன விலை அம்மாவின் முந்தானை முடிச்சுக்கு எட்டாதது.

“காலில்லாத மாட்ட யாராச்சும் முழு வெலைக்கு வாங்குவாங்களா நானா?” என்றார் மாமா.

“மாடுண்டா இறைச்சிக்காவது போகும் தம்பி. இது அதுக்கும் போகாது,” என்றார் கடைக்காரர். சொன்ன பிறகுதான் அது தனக்கே பாதகமான பேச்சு என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். திருப்பி எடுக்கச் சொல்லக்கூடாது, எடுத்தாலும் பாதி விலைதான் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். குண்டைக் கழற்றிக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார். வீடு வரும்வரை காற்சட்டைப் பையில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மரக்கறி லொறியில் தோட்டத்து ரோடுவரை வந்தது. அங்கிருந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நீளப் பெட்டியை நாலு பேர் தோளில் பார்த்ததும் லயத்தின் கோடியில் தொங்கல் காம்பராவில் இருந்த அக்கா ஓடிவந்து, “ஐயையோ, யாரு போயிட்டா?” என்று கேட்டாள்.

“இன்னும் யாரும் போகலக்கா. நான்தான் போறதா இருந்தேன்,” என்றார் மாமா. அம்மா அவரை முறைத்தாள்.

கால் செய்யும் வேலை அப்பாவுடையது. கேட்காமலே எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் அவருக்கு மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற வேலை. அதைவிட, மட்டம் பார்க்கிற ஆள் என்று அவருக்கொரு பெயர் இருந்தது. எங்கள் லயம் இருப்பது மலைச்சரிவில். கட்டில் போட்டாலும் டீவி வைத்தாலும் கல்யாணப் பந்தல் நட்டாலும் ஒரு பக்கம் சாயும். உடனே அப்பாவைக் கூப்பிடுவார்கள். தண்ணீர் நிரப்பிய டியூப்பைச் சுருட்டிக்கொண்டு அவரும் போவார். இங்கே ஒரு கல், அங்கே ஒரு சில்லு என்று வைத்து நிமிர்த்திவிட்டு வருவார். அந்த டியூப்போடுதான் மெசினுக்கும் வந்தார். நாலு கட்டையைச் சீவிப் பூட்டி, இரண்டு நாள் பின்னேரமும் மெனக்கெட்டு, கண்ணாடிமேல் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துக் காட்டினார். தண்ணீர் எந்தப் பக்கமும் சாயவில்லை. மாமாகூட, “அத்தான் கைனா கைதான்,” என்றார்.

லயமே கூடியிருந்தது. மாமா குண்டை உள்ளே போட்டுக் கரண்ட் கொடுத்தார். லைட்டெல்லாம் எரிந்தது. ஸ்பிரிங்கை இழுத்து விட்டார். குண்டு மேலே போனது, ஒருமுறை மணி அடித்தது, நடுவில் வந்து நின்றது. நின்றதுதான். எங்கேயும் போகவில்லை. பட்டனை அமுக்கினோம். தட்டினோம். பெட்டியைப் பிடித்து ஆட்டியதும் அது கோபித்துக்கொண்டு லைட்டை அணைத்துவிட்டது.

“குண்டுக்கு அங்கனயே காம்பரா எழுதிக் குடுத்துட்டாங்க போல. கெளம்ப மாட்டேங்குது,” என்றார் பக்கத்துக் காம்பரா பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது அன்று முடிவான விஷயம். அப்பா மட்டும் மறுபடியும் டியூப்பை எடுத்து மட்டம் பார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை. பிசகியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாதி விலைக்காவது கொடுத்துவிட்டு, வருகிற காசை அம்மாவிடம் தந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரயிலேறுவதாக மாமா சொன்னார். நான் சப்பாத்தின் நிறத்தைப் பற்றி யோசித்தேன்.

சனிக்கிழமை காலையில் அதே நாலு பேர் வந்தார்கள். கண்ணாடியைத் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை. குண்டு நின்ற இடத்திலேயே கிடந்தது. தலைப்பக்கத்தை அப்பாவும் இன்னொருவரும் பிடித்தார்கள். முன்னால் பிடித்த மாமா இஸ்தோப்பை விட்டிறங்கிச் சரிவுப் பாதையில் கால் வைத்தார்.

டக் என்றது உள்ளே. பிறகு டக், டக், டடக்.

“நிப்பாட்டு,” என்றார் அப்பா. எல்லோரும் பெட்டியோடு அப்படியே நின்றார்கள். கண்ணாடிக்குள் குண்டு ஒவ்வொரு தூணாக முட்டி, விலகி, அவசரமில்லாமல் கீழே இறங்கி ஓட்டைக்குள் விழுந்தது. அதை முதலில் பார்த்தவன் நான்தான். மாமா இன்றைக்கும் அதை ஒத்துக்கொள்வதில்லை.

திருப்பிக் கொண்டுபோய் வைத்தார்கள். அப்பா பின்கால்களுக்கு அடியில் காலுக்கொரு செங்கல்லை வைத்தார். கரண்ட் கொடுத்து மாமா ஸ்பிரிங்கை இழுத்தார். குண்டு மேலே போனது, வந்தது, துடுப்பில் அடிபட்டு மறுபடி போனது. லைட் எரிந்து எரிந்து அணைந்தது. நாங்கள் கத்திய சத்தத்தில் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள்.

அப்பா அந்தக் கோணல் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

“இத்தன வருசமா மலையில எல்லாத்தையும் மட்டமாக்கிக்கிட்டு இருந்தேன். இதுக்கு மலைதான் வேணுமாம்,” என்றார். பிறகு வாளை எடுத்து வந்து, தான் செய்த முன்கால்களைத் தானே குட்டையாக்கினார். டியூப் அன்றைக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த கிழமையே மெசின் லுணுகலைக்குப் போனது. மாமா இன்றும் அங்கேதான் இருக்கிறார். அறை கடையாகிவிட்டது; போன் பழுது பார்க்கிறார், மூலையில் குண்டு மெசின் நிற்கிறது. அடுப்படிக்குத் தகரம் அடுத்த வருடம் வந்தது, மாமாவின் காசில்.

ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அந்தச் சனிக்கிழமைதான். லயமே மெசினைச் சுற்றி நின்றது. என் முறைக்காக நான் மாமாவின் முழங்கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அம்மாவும் வந்து பார்ப்பாள், நான் அடிக்கிற அடியைப் பார்ப்பாள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் மெசின் பக்கமே வரவில்லை. ஆணியிலிருந்த நீலப் பையை இறக்கினாள். உள்ளே இருந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மாமாவின் பழைய கொடியில் மடித்துப் போட்டாள். பிறகு வெறும் பையைப் பீலிக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தாள். அதில் ஒரு அழுக்கும் இல்லை, புதுப்பை. அதை வேலியில் தலைகீழாகக் காயப்போட்டுவிட்டு, தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

இப்படி ஒரு நாளில் போய்ப் பை துவைக்கிறாளே என்று எனக்குச் சரியான கோபம்.