சேருமா, சேராதா

பலதரப்பட்ட மக்களின் உடலும் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஸ்டெம் செல்களைச் சேமிக்கும் வங்கி ஒன்றுக்காக மதுரையில் வேலை பார்த்தபோது அவரைச் சந்தித்தேன். சமயநல்லூர்ப் பக்கம் விவசாயம். யார் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் அவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ரத்த முகாமில் எடுத்த ரத்தத்தைச் சோதித்ததில், தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அவருக்கு ஒரே திசு வகை வந்திருப்பது தெரிந்தது; அப்படி அமைவது அபூர்வம். தல்லாகுளம் அலுவலகத்துக்கு வரச்சொன்னேன்.

"அண்ணே, உங்க செல்லை வளர்த்து வச்சா நெறையப் பேருக்குச் சேரும். அவங்க ஒடம்பு அதை ஒதுக்காது."

"நெறையண்டா எம்புட்டு?"

"முன்னப்பின்ன தெரியாத எத்தனையோ பேருக்கு."

அவர் என் கைகளைப் பார்த்தபடியே சொன்னார்: "எம் பொண்டாட்டிக்கு என் கிட்னி சேராதுண்டு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அவ போயிட்டா. வீட்டுக்காரிக்குச் சேராத ஒடம்பு ஊருக்கெல்லாம் சேருமாம்மா? ரெண்டுல ஒண்ணு பொய்."

அவருடைய வகை ஊரில் பலருக்கு இருந்து மனைவிக்கு இல்லாமல் போயிருந்தால் இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்று விளக்கிப் பார்த்தேன். கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார்.

மறுவாரம் மனைவியின் பழைய ரிப்போர்ட்டுகளோடு வந்தார். "நீங்க பாத்துச் சொல்லுங்க."

எங்கள் டாக்டரும் நானும் வரிவரியாகப் படித்தோம். அவருடைய கிட்னியை அந்த அம்மாளின் உடல் நிச்சயம் ஏற்றிருக்காது.

"சரியாத்தான் சொல்லிருக்காங்கண்ணே."

"நீங்களும் அவுக ஆளுகதான" என்றார்.

பிறகு படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சொல்லி முழங்கையை எனக்கு நேராக நீட்டினார். எங்களை நம்பித்தான் கொடுத்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை தெரியவில்லை.