ஐப்பசியிலும் புரட்டாசி

எனக்குத் தொழில் வாய்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மலைக்கோட்டைத் துணிக்கடை வாசல்களில்தான். "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க, பாக்குறதுக்கெல்லாம் பில் போட மாட்டோம்" என்று கூவிக் கூவித் தொண்டை பழகிவிட்டது. இப்போது மைக் பிடிக்கிறேன். கடைத் திறப்பு, காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் விழா என்று யார் கூப்பிட்டாலும் போவேன்.

ஊரில் யார் என்ன சொன்னாலும் எனக்கு மனசில் ஒட்டிக்கொள்ளும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் சொன்னார்: "எறங்கிப் போறவங்க யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கண்ணே. அதான் ஏறும்போதே நாலு நல்ல வார்த்தை பேசிடறது." எந்த மேடையிலும் நான் கேட்காத பேச்சு அது. இப்படிப் பேசுகிற இன்னொரு ஆள் ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தள்ளுவண்டி போட்டிருந்த தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை. அவள் என்னை "மைக்கண்ணே" என்பாள், நான் தங்கச்சி என்பேன், அவ்வளவுதான் உறவு.

ஒரு மருந்துக்கடையை ஒட்டினாற்போல் சாயங்காலம் அவள் வண்டி வந்து நிற்கும். முட்டை தோசை, கலக்கி, சில்லி சிக்கன். ஸ்டேஷனில் இறங்கி வருகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், லாட்ஜில் தங்கி வேலைக்குப் போகிற பையன்கள் எல்லாம் சுற்றி நிற்பார்கள். அவள் வீட்டுக்காரர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு பாரம் தூக்க முடியாது. வெங்காயம் நறுக்குவார், தட்டு கழுவுவார். மகள் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். அந்தத் தோசைக்கல் சூடானால்தான் மூன்று பேருக்கும் பிழைப்பு.

புரட்டாசி பிறந்தால் மட்டும் வண்டியில் முட்டை இருக்காது, கோழி இருக்காது. இட்லியும் சுண்டலும்தான். வருகிற கூட்டம் பாதிக்கு மேல் போய்விடும். ஸ்ரீரங்கத்தில் இட்லிக்கா பஞ்சம்? "ஏம்மா நஷ்டப்படுற?" என்று கேட்டால், "பதினோரு மாசம் கஸ்டமருக்கு, ஒரு மாசம் பெருமாளுக்கு. அவரும் நம்ம கஸ்டமர்தானேண்ணே" என்பாள்.

இந்தப் பேச்சு ஒரு பெரியவரின் காதில் விழுந்தது. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

பெரியவர் பேங்கில் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். பண்பாட்டைக் காக்க வேண்டும் என்று ஒரு அமைப்பு நடத்துகிறார். டிரஸ்டாகப் பதிவு செய்தது. அவர்கள் தேர்தலில் நிற்பதில்லை. எம்.எல்.ஏ., எம்.பி., கலெக்டர் என்று எல்லோரையும் போய்ப் பார்த்து மனு கொடுப்பார்கள், கூட்டம் போடுவார்கள், வாட்ஸ்அப்பில் ஆள் சேர்ப்பார்கள். "நாங்க ஓட்டுக் கேக்கறதில்லை, ஓட்டு வாங்கினவாளைக் கேள்வி கேக்கறோம்" என்பார் அவர். பெற்றோர் சம்மதம் இல்லாமல் கல்யாணத்தைப் பதிவு செய்யக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இந்தத் தீவு முழுக்க அசைவக் கடையே இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. அவர்கள் கூட்டத்துக்கு நான்தான் மைக். வெயில் காலத்தில் பெரியவர் தன் கையாலேயே பாதசாரிகளுக்கு மோர் ஊற்றிக் கொடுப்பார். என்னை ஒரு நாளும் நிற்க வைத்துப் பேசியதில்லை. "வாங்கோ, ஒக்காருங்கோ, மொதல்ல காபி" என்பார். நல்ல மனிதர். இதை நான் இப்போதும் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் தங்கச்சியின் வண்டியில் சாக்பீஸால் எழுதியிருந்ததை அவர் பார்த்திருக்கிறார்: புரட்டாசி முழுவதும் அசைவம் கிடையாது. நின்று விசாரித்திருக்கிறார். அவள் வழக்கம்போல் பெருமாளையும் கஸ்டமர் கணக்கில் சேர்த்துப் பேசியிருக்கிறாள். அவர் கண் கலங்கிவிட்டதாம். அடுத்த கூட்டத்திலேயே அவளுக்குப் பொன்னாடை போடுவது என்று முடிவாயிற்று.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். அவள் வீட்டுக்காரரோடும் மகளோடும் வந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். "மைக்கண்ணே, பேசச் சொல்லிடாதீங்க, மேடையெல்லாம் எனக்குப் பழக்கமில்ல" என்று காதோடு சொன்னாள். பொன்னாடை போட்ட பெரியவரே மைக்கை வாங்கி அவள் வாயருகே நீட்டினார்.

அவள் சொன்னாள்: "நான் ஒண்ணும் பெருசா பண்ணலீங்க. பெருமாள் காலடில இருந்துக்கிட்டு இதுகூடச் செய்யலன்னா எப்படி? அவருக்காகன்னா காலத்துக்கும் நிறுத்திட மாட்டேனா!"

மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

நம் பக்கம் பேச்சு அப்படித்தான் இருக்கும். வந்தவரிடம் "இது உங்க வீடு" என்கிறோம், அடுத்த நாள் யாரும் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவதில்லை. "உங்களுக்காக உயிரையே குடுப்பேன்" என்கிறவனிடம் யாரும் உயிரைக் கேட்பதில்லை. மனசு நிறைந்தால் வார்த்தை வழியும். தோளில் பொன்னாடையும் முன்னால் கூட்டமும் இருந்தால் இன்னும் கொஞ்சம் வழியும். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் அதைச் சங்கல்பமாக எடுத்துக்கொண்டார்கள். திருட்டுத்தனமாக இல்லை, வெட்டி ஒட்டியும் இல்லை. சந்தோஷமாக, முழுசாக நம்பி எடுத்துக்கொண்டார்கள்.

வீடியோ அன்றைக்கே வாட்ஸ்அப்பில் சுற்றியது. பிறகு மருந்துக்கடைப் பக்கத்துக் கம்பத்தில், அவள் வண்டிக்கு நேர் மேலே, ஒரு ஃப்ளெக்ஸ் ஏறியது. பொன்னாடையோடு கைகூப்பிய அவள் முகம். கீழே, காலத்துக்கும் அசைவம் துறந்த உழைக்கும் தாய்க்கு வணக்கம்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என் கல்யாணத்துலகூட இவ்ளோ பெரிய போட்டோ எடுக்கலண்ணே. மூக்கைப் பாருங்க, மலைக்கோட்டை மாதிரி இருக்கு." வீட்டுக்காரர் தட்டு கழுவுகிற இடத்திலிருந்தே, "நெசத்துலயும் அப்படித்தான்" என்றார். அப்போது புரட்டாசி முடியவில்லை. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஐப்பசி பிறந்த அன்று நானும் ஒரு கலக்கி சாப்பிடலாம் என்று போனேன். முட்டை அட்டைகள் வந்து இறங்கியிருந்தன. கல் காய்ந்துகொண்டிருந்தது. முதலில் வந்தவர் ஒரு ஆட்டோக்காரர். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"யக்கா, மேல இருக்குற அக்கா மொறைக்குதே. கேட்டுட்டுப் போடு."

"அதெல்லாம் சும்மாய்யா. என்ன வேணும் சொல்லு."

அவள் முட்டையைக் கையில் எடுத்த நேரம் ஒரு வயதான மாமி ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு நின்றார். அவள் கையில் இருந்ததைக் கவனிக்கவில்லை. மறு கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீதானேம்மா அது? வீடியோ பார்த்தேன். பகவான் உன்னை நன்னா வெச்சிருப்பார்." அவர் போகிறவரை தங்கச்சி முட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள். போன பிறகும் அதை உடைக்கவில்லை. அட்டையில் திரும்ப வைத்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எனக்கு வம்பு வேணாம்மா. நீ பாட்டுக்கு ஆம்லெட் போடுவ, நாளைக்கு நாலு பேரு வந்து என் கடை வாசல்ல நின்னு கேப்பாங்க. ஒண்ணு அந்தப் படத்தை எறக்கு, இல்ல வண்டியைத் தள்ளு."

"படத்தை நான் மாட்டலியேங்க."

"அது எனக்குத் தெரியாது."

மறுநாள் நான் பெரியவரைப் பார்க்கப் போனேன். பேசிப் பேசிப் பிழைக்கிறவன்தான். ஆனால் காபி கையில் வந்ததும் நேராகச் சொல்ல வரவில்லை. "சாமி, அந்த ஃப்ளெக்ஸ் மழையில நனைஞ்சு பாழாகுது. எறக்கிடலாமேன்னு…" என்றேன். "அடடா, நல்ல வேளை சொன்னேளே" என்றார். இரண்டு நாளில் பழையது இறங்கியது. அதைவிடப் பெரியதாக, இரும்புச் சட்டம் அடித்துப் புதியது ஏறியது.

தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னண்ணே சொன்னீங்க அவர்கிட்ட?" என்றாள். நான் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "நீங்க இனிமே எனக்காக எதுவும் கேக்காதீங்கண்ணே" என்றாள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. திரும்பவும் போனேன். இந்த முறை காபி வேண்டாம் என்றேன். விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவள் பிழைப்பே அதுதான், பேச்சு வாக்கில் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஃப்ளெக்ஸை இறக்கிவிடுங்கள்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வந்திருக்கும்.

"நான் அவாளைத் தடுத்தேனா? கடை போடாதேன்னு ஒரு வார்த்தை சொன்னேனா?"

"இல்லீங்க."

"நாங்க கட்சியா, சர்க்காரா? எங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கு சொல்லுங்கோ. படத்தை வேணா இப்பவே எறக்கச் சொல்றேன். ஆனா வார்த்தையை எப்படி எறக்கறது? அவா பெருமாளைச் சாட்சியா வெச்சுன்னா சொன்னா. அதுலேர்ந்து விடுவிக்க நான் யாரு? நீங்க யாரு?"

அவரே தொடர்ந்தார். அந்த வீடியோவைச் சென்னைக்கு மனுவோடு எடுத்துப்போகப் போகிறார்களாம். கடைக்காரர்களே தயாராக இருக்கிறார்கள் என்று மந்திரியிடம் காட்டலாமாம். "அந்தம்மாவைப் பத்திக் கவலைப்படாதீங்கோ. டிரஸ்ட் சார்பா ஒரு பெரிய இட்லிக் கொப்பரை வாங்கித் தரதுன்னு பேசிண்டிருக்கோம். நானே தினம் அங்கேதான் இட்லி வாங்கறேன் தெரியுமோ?"

தெரியும். வீட்டில் அவரும் அவர் சம்சாரமும் மட்டும்தான். தினமும் ஒரு டிபன் கேரியர் நிறைய வாங்கிக்கொண்டு போவார். மிச்சத்தை என்ன செய்வார்களோ.

சொன்னபடி ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டார்கள். இரும்புச் சட்டம் மட்டும் வெறுமையாக நின்றது. "இனி போடலாமேம்மா" என்றேன். வீட்டுக்காரரும் மெதுவாக, "போடேன் புள்ள. யாரு கேக்கப் போறா" என்றார்.

அவள் கல்லைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "அவங்களுக்காகவா நிறுத்தி வெச்சிருக்கேன்னு நெனச்சீங்க? மொதல்ல அவங்களுக்குப் பயந்துதான் நிறுத்துனேன். இப்ப வேற மாதிரி ஆயிடுச்சு. சொன்னது சொன்னதுதானேண்ணே. மைக்ல வேற சொல்லித் தொலைச்சிட்டேன். புள்ளைக்குப் பரீட்சை வருது. நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா, இதனாலதான்னு எனக்குத் தோணாதா?"

பெருமாள் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொன்னேன். "அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ராத்திரி படுத்தா மனசுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றாள்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். நேரே பெருமாளிடமே போய்க் கேட்டுவிடுவது. சொன்னது வாய் தவறி வந்தது, புரட்டாசி மட்டும் உனக்கு, மற்ற மாதத்தை என்னிடம் கொடுத்துவிடு என்று நின்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் மனசு விட்டுவிடும். அவள் முகத்தில் பழைய தெளிச்சல் வந்திருந்தது. நானும் கூடப் போனேன்.

இலவச தரிசன வரிசை. நல்ல கூட்டம். வரிசை நகர நகர அவள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை என்னிடம் திரும்பி, "‘மன்னிச்சுக்கோ’ன்னு மொதல்ல சொல்லணுமா, கடைசீல சொல்லணுமாண்ணே?" என்று கேட்டாள். மொதல்ல சொல்லும்மா என்றேன். உள்ளே இருட்டும் கற்பூர வாசனையும். அவள் எனக்கு முன்னால். சன்னதிக்கு நேரே வந்ததும் கைகூப்பி, "பெருமாளே, என்னை மன்னிச்சு…" என்று ஆரம்பித்தாள்.

"நகருங்க நகருங்க. பின்னாடி எவ்ளோ பேர் நிக்கிறாங்க. நகரும்மா."

யாரோ தோளில் கை வைத்து நகர்த்தினார்கள். என்னையும்தான். அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நடுவில் ஆட்களின் தலைகள்தான் தெரிந்தன.

வெளியே வந்து மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஆரம்பிச்சேண்ணே. பாதியில தள்ளிட்டாங்க."

"கேட்டிருப்பார்ம்மா. அவருக்கு முழுசாவா சொல்லணும்?"

"மன்னிச்சுக்கோங்கறது வரைக்கும்தான் சொன்னேன். எதுக்குன்னு சொல்லலையே."

இன்னொரு நாள் வரலாம் என்றேன். "அன்னிக்கு மட்டும் நிக்க விடுவாங்களா?" என்றாள். அந்த நேரம் அவள் போன் அடித்தது. கோழிக்கடை பாய். நல்ல வாயாடி, போனில் பேசினாலே பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

"என்னம்மா, கோழிங்கல்லாம் ஒன் பேரைச் சொல்லி சலாம் வெக்குதுங்க. மாசம் முடிஞ்சு எத்தினி நாளாச்சு? நாளைக்குக் குடுத்து விடவா?"

அவள் என்னைப் பார்த்தாள். நல்லாப் பேசுகிற அண்ணன், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பான் என்கிற பார்வை. நான் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சொல்றேன் பாய்" என்று போனை வைத்தாள்.

மறுநாளும் அவர் கேட்டார். மறுநாளும் அதையேதான் சொன்னாள். தை பிறப்பதற்குள் பாய் கேட்பதை விட்டுவிட்டார்.