திங்கட்கிழமை ஏறிய மலை

நேற்றுக் கருங்கல் ஊர்ச் சந்தையில் ஒருவன் புகையிலை நறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒருத்தி வேப்பெண்ணெய்க் கலயத்தைத் திறந்தாள். இரண்டு வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. வாங்க வந்தது என்னவென்று மறந்துபோயிற்று. குனிந்து கணுக்காலைப் பார்த்தேன், அட்டை ஏறியிருக்கிறதா என்று. சந்தையில் ஏது அட்டை?

அது முப்பதுகளின் தொடக்கம். பூதப்பாண்டிக்கு வடக்கே, மலையடிவாரத்தில் எங்கள் வீடு. எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. ஞாயிறுதோறும் சபையில் வேதபாடம் வாசிப்பதும் நான்தான். தன் பக்தியின் குரலைத் தானே கேட்டு மகிழ்கிற வயது.

அக்காளை மலைமேல் ஒரு வெள்ளைக்காரத் தேயிலைத் தோட்டத்து மேஸ்திரிக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் அதிகம் பேசமாட்டார். வைகாசி நடுவில் பிடிக்கும் இடவப்பாதி மழை தொடங்குமுன் ஒவ்வொரு வருஷமும் அக்காளைக் கீழே கூட்டிவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, தான் மட்டும் திரும்பி ஏறுவார். "இவளுக்கு நனைஞ்சா ஒத்துக்கிடாது" என்பார். அவர் வாயிலிருந்து வந்த காதல் பேச்சு, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

அந்த வருஷம் மழை தொடங்கி, பிறகு ஒரு வாரம் ஓய்ந்திருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மலையில் வாழும் காணிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். தோட்டம் முழுக்க மலைக்காய்ச்சல். அத்தானுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல் விடவில்லை. தூளி கட்டிக் கீழே தர்மாஸ்பத்திரிக்குத் தூக்கிவர வேண்டும். இறக்கத்தில் நாலு தோள் மாற்றாமல் முடியாது. மேலே எழுந்து நடமாடுகிறவர்கள், காணிக்காரரின் தம்பியும் ஒரு கூலியாளும், இரண்டே பேர்.

"மழ விட்டிருக்கு. நாளைக்கே கேறணும். பின்னே ஆறு விடாது" என்றார்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றும் என்னால் கீழே வைக்க முடியவில்லை. "நீ என்னலே சொல்லுத?"

ஞாயிறு ஓய்வுநாள், அன்று வேலை ஆகாது என்று போன வாரம்தான் சபையில் பேசியிருந்தேன். "நாளைக்கு ஓய்வுநாள் இல்லியா அப்பா? சபையில ஜெபம் பண்ணிட்டு திங்கக்கிழம வெள்ளாப்புல கேறுவோம். ஒரு நாளுல என்ன ஆயிரும்?"

மடித்துக் கட்டிய வேட்டியை அப்பா இறக்கிவிட்ட சத்தம்கூட நினைவிருக்கிறது. காணிக்காரர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "உங்க தெய்வத்துக்கு ஞாயித்துக்கிழம மலையில வேலை இல்லியா?"

அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அக்காள் அடுக்களை வாசலில் நின்றாள். "ஒரு நாளுதானே தம்பி?" என்று கேட்டாள். என்னை நம்பித்தான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்படியொரு வெயில். ஒரு பொட்டு மேகம் கிடையாது. சபையின் வடக்கு ஜன்னலில் மலை மடிப்பு மடிப்பாக, மரம் மரமாக, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அத்தானுக்காக நானே ஜெபித்தேன். நீளமாக, நல்ல சொற்களாகப் பார்த்துப் பார்த்து. கண்ணைத் திறந்தபோது சபை முழுக்கத் தலை குனிந்திருந்தது. அக்காள் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் விடியலில் புறப்பட்டோம். "நீ வராத மக்கா" என்றார் அப்பா. "எனக்க ஆளு. நான் வாறேன்" என்று சேலையை வரிந்து கட்டினாள் அக்காள். புகையிலையை வேப்பெண்ணெயில் குழைத்து முழங்கால் வரை பூசிக்கொண்டோம். அட்டைக்கு அதுதான் மருந்து. முதல் ஏற்றத்திலேயே தூறல் பிடித்தது. எண்ணெய் கரைந்து ஓட, இலைதோறும் நுனியில் நின்று அட்டைகள் எங்களை மோப்பம் பிடித்தன.

பாதை என்று ஒன்று இல்லை. வேர்களே படி, வழுக்குப் பாறைகளே தளம். காணிக்காரர் முன்னே ஈத்தை மூங்கிலை வெட்டி வழி எடுக்க, கொடியைப் பிடித்து, பிடித்த கொடி அறுந்து, முழங்கால் தேய ஏறினோம். மேலே வானம் இல்லை. இலைக்கூரையிலிருந்து மழை இரண்டாவது முறையாகப் பெய்தது. அப்பாவின் காதுக்குப் பின்னால் ஊதிப்போன அட்டை ஒன்றைப் பிடுங்கினேன். "நான் சபையில மூப்பன்னு அதுக்குத் தெரியுமாலே?" என்று சிரித்தார். எங்கள் மனசை லேசாக்கத்தான் சொன்னார். அந்தப் பயணத்தில் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

ஆற்றின் சத்தம் முதலில் வந்தது. ஆறு பிறகு.

வழக்கமாகக் கல்லில் கால் வைத்துத் தாண்டுகிற ஆறு. அன்று ஒரு கல்லையும் காணோம். செம்மண் குழம்பாக, பிடுங்கிய மரங்களை உருட்டிக்கொண்டு போனது. அகலம் ஒரு தென்னை நீளம் இருக்கும். அக்கரையில், ஒரு பாறை நீட்டத்தின் கீழே, கழியில் கட்டிய தூளியோடு இரண்டு பேர். ஞாயிறு முழுக்க எங்களை எதிர்பார்த்திருந்து, காலையில் மழை பிடித்ததும், ஆறு பெருகுமுன் கடந்துவிடலாமென்று இருவராகவே தூக்கி வந்திருக்கிறார்கள். அவர்களும் பிந்திவிட்டார்கள்.

தூளிக் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து உயர்ந்தது.

அக்காள் தண்ணீரில் இறங்கிவிட்டாள். அப்பா முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் இடுப்பில் கொடியைக் கட்டிக்கொண்டு பாய்ந்தேன். நாலு எட்டுகூட இல்லை, ஆறு என்னைச் சருகாகப் புரட்டியது. காணிக்காரர் என் தலைமயிரைப் பற்றி இழுத்துக் கரையில் போட்டார். "இன்னொரு சாவு வேணுமா?" என்று திட்டினார். இன்னொரு என்ற சொல்லைக் கேட்டு அக்காள் திரும்பினாள்.

காணிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பேச, ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் பிடித்து, பாட்டைப்போல் நீட்டிக் கூவுவார்கள். எத்தனை இரைச்சலிலும் அது போய்ச் சேரும். இங்கே அண்ணன் கூவினார், அங்கே தம்பி கூவினார். கஞ்சி குடித்தாரா என்று அக்காள் கேட்கச் சொன்னாள். ரெண்டு மடக்கு, என்று பதில் வந்தது. மேலே காவல்குடிசை ஒன்று இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே அங்கே தூக்கிப் போய்விடுவதென்றும், தண்ணீர் இறங்கியதும் நாங்கள் வருவதென்றும் முடிவாயிற்று.

தண்ணீர் புதன்கிழமை இறங்கியது. அத்தானைத் தூக்கிவர வேண்டியிருக்கவில்லை. அந்தக் குடிசைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்துவிட்டு இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை ஏறியிருந்தால் பிழைத்திருப்பாரா? யாருக்குத் தெரியும். அக்காள் ஒரு நாளும் கேட்டதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. அவர்கள் சொல்லாததைத்தான் இத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றும் ஞாயிறுதோறும் சபைக்குப் போகிறேன். ஜெபத்தில் அழகான சொல் ஒன்று நாக்கில் வந்தால் அதோடு நிறுத்திவிடுகிறேன். யாரோ வாசலில் கஷ்டத்தோடு நிற்கும்போது நாள் பார்த்துப் பதில் சொல்கிறவனாக மட்டும் மறுபடி ஆகிவிடக் கூடாதென்று.

ஆனால் எனக்குள் நிற்பது அந்தக் குடிசையும் அல்ல, மண்மேடும் அல்ல. ஆற்றங்கரைதான். தூளியைத் தோளில் ஏற்றுமுன் தம்பிக்காரர் குனிந்து கம்பளிக்குள் காதைக் கொடுத்தார். நிமிர்ந்து பாறைமேல் ஏறி நின்று, ஒவ்வொரு சொல்லாக நீட்டிக் கூவினார். நேற்று ஏன் வரவில்லை என்றுதான் அத்தான் கேட்கச் சொல்லியிருப்பார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏட்டி… நனையாத… வீட்டுக்குப் போ…"

அக்காளின் கூந்தலிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சேலை உடம்போடு ஒட்டி, உதடு நீலமாகி, பல் கிடுகிடுத்தது. என்ன பதில் கூவட்டும் என்று காணிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் நனையல்லன்னு சொல்லும்" என்றாள்.