கொட்டானும் வெள்ளைச் சேலையும்

பினாங்குக்குப் போகிறோம் என்றதும் ஊரில் சிரிக்காத ஆளில்லை. "பேரன் பேத்தி எடுத்த வயசுல கப்பல் ஏறுறாகளாம்" என்று என் மூத்த மருமகள் கிணற்றடியில் நின்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். அவள் வீட்டில் கோழி விரட்டிக்கொண்டும், காய்கிற வத்தலுக்குக் காவல் இருந்துகொண்டும் மிச்ச காலத்தை ஓட்டுவேன் என்று அவள் நினைத்திருந்தாள். எனக்கோ ஐம்பத்தைந்தைத் தாண்டியும் காலில் பலம் இருந்தது, வாயில் அதைவிட அதிகம் இருந்தது.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்ந்தவர், எங்கள் கிறிஸ்தவ சபைக்கு உபதேசியார். பினாங்கில் கூலி வேலைக்குப் போயிருக்கும் நம் ஜனங்களுக்கு நடுவே ஊழியம் செய்ய வயதான தம்பதி ஒன்று வேண்டும் என்று அங்கிருந்த சபை கேட்டிருந்தது. அவர், யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் தகரப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டேன்.

கப்பலில் அவர் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆளும் பேரும் தெரியாத பெண்களிடமெல்லாம் கதை கேட்டேன். மலையும் அதன் அடியில் ஊரும் கண்ணுக்குத் தெரிந்த காலையில் கீழே ஓடி அவரை உலுக்கினேன். "எந்திரிங்க, வந்தாச்சு! எப்படிப் பச்சைப்பசேல்னு இருக்கு பாருங்க!" அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "நகருதா, நிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

இறங்கினால், அடேயப்பா! எத்தனை விதமான மனுஷர், எத்தனை விதமான பேச்சு! ரிக்‌ஷா இழுத்த சீனரிடம், "மெதுவாப் போப்பா" என்று தமிழில் கெஞ்சினேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, பறந்தார். என் வீட்டுக்காரர் குடையையும் வேதப் புத்தகத்தையும் கட்டிப்பிடித்தபடி சங்கீத வசனம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பினாங்கின் ஜெலுத்தோங் பகுதியில் பலகை வீடு ஒன்றைச் சபையார் பிடித்து வைத்திருந்தார்கள். ஓலைக் கூரை, மழை பெய்தால் மூலைக்கு ஒரு சட்டி வைக்க வேண்டும். பக்கத்திலேயே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் லயம், வரிசை வரிசையாய் ஒட்டிய வீடுகள். ஒரு வாரத்துக்குள் எனக்குப் பாசார் என்கிற சந்தைக்கு வழி தெரிந்துவிட்டது, டிராமில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்றும் தெரிந்துவிட்டது. டுரியான் பழத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்று அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவில் போய் நின்றார். நான் முழுப்பழத்தையும் ஒண்டியாய்த் தின்றேன்.

இந்தக் குதூகலத்தில்தான் சபைப் போதகர், நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிறவர், வந்து ஒரு குண்டைப் போட்டார். அவரும் தமிழர்தான், என் மூத்த மகனைவிடச் சின்னவர், மரியாதையான பிள்ளை. "அம்மா, ஆம்பிளைங்களுக்குப் பிரசங்கம் பண்ண எங்களுக்கு ஆள் இருக்கு. லயத்துப் பெண்கள்தான் யாருக்கும் கதவைத் திறக்கறதில்ல. அவங்களுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டது. கிறிஸ்துமஸுக்குள்ள நாலு பெண்களாவது உங்க வீட்டுக்கு வந்து உட்காரலைன்னா, உங்களை ஊருக்கே அனுப்பிடறதுன்னு சபையில முடிவாயிருக்கு" என்றார். சொன்னது பணிவாகத்தான். திரும்பிப் போய் மருமகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதைவிட, எனக்கு இந்த இடத்தை விட்டுப் போக மனசே இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு என்னைத்தான் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஓலைக்கொட்டானில் போட்டு வைப்பார்கள். வாரம் ஒருமுறை அதைச் சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுப்போம். அரிசி சேர்க்கிற சாக்கில் வீட்டுக்கு வீடு பேச்சு, ஜெபம், பாட்டு எல்லாம் நடக்கும். அதையே இங்கேயும் ஆரம்பித்துவிடுவது என்று கொட்டானை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் குடையோடு முன்னால் நடந்தார்.

"ஒரு கைப்பிடி அரிசி போடும்மா" என்று முதல் கதவில் கேட்டேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் அரைப்படி கொண்டுவந்து கொட்டினாள். அடுத்த வீட்டில் அரிசியோடு கருவாடு. கடைசி வீட்டுக்கு முன்பே கொட்டான் வழிந்துவிட்டது. யாருக்கும் கதவைத் திறக்காதவர்களாமே! மறுநாள் இன்னும் அதிசயம். லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக என் வீட்டுக்கே வந்தார்கள், ஒருத்தி குழம்போடு, ஒருத்தி இடியாப்பத்தோடு. வாசலில் வைத்துவிட்டு, "சாப்பிடுங்கக்கா" என்று சொல்லி ஓடினார்கள். உள்ளே வந்து உட்காரத்தான் இல்லை. அதனால் என்ன, இன்றைக்கு வாசல், நாளைக்குப் பாய்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐயரிடம் போய், "சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்க, வீடு கொள்ளாது" என்று சவடால் அடித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மீன்குழம்பு கொண்டுவந்தவள் லயத்துக்கே பெரியவள் மாதிரி. வெற்றிலை போட்ட வாய், அதட்டலான குரல். அன்றைக்கு அவள் உடனே ஓடவில்லை. காப்பி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அண்ணே, உங்களுக்கு நல்ல மனசு. தாலியறுத்த தங்கச்சியைக் கைவிடாம இம்புட்டுத் தூரம் கூட்டியாந்து காப்பாத்துறீங்களே. கவலைப்படாதீங்க, இவங்களை ஊருக்கு அனுப்புற கப்பல் செலவுக்கு லயத்துல பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள்.

அவருக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு என்னையே குனிந்து பார்த்துக்கொண்டேன். வெள்ளைச் சேலை, கழுத்து வரை மூடிய வெள்ளை ரவிக்கை. பொட்டில்லை, பூவில்லை. பாம்படத்தைக் கழற்றிக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டதால் தொங்குகிற வெறுங்காது. எங்கள் பக்கத்தில் ஊழியக்காரி என்றால் இப்படித்தான் இருப்பாள். கையில் கொட்டானும் வைத்துக்கொண்டு வீடு வீடாய் அரிசி கேட்டால் லயத்துக்காரர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஆனால் இந்த நியாயமெல்லாம் பிறகுதான் தோன்றியது. அப்போது எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"யாருடி தாலியறுத்தவ? என் புருஷன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தி, ரவிக்கைக்குள் கிடந்த தாலியை வெளியே இழுத்துக் காட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ, என்ன வார்த்தை சொல்லிட்டேன்" என்று திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். சொம்பை டம்மென்று வைத்துவிட்டு அவரோடு பேசாமல் இருந்தேன்.

அன்று அதன்பின் ஒருத்தியும் வரவில்லை. சனிக்கிழமை காலையிலும் வரவில்லை. போச்சு, எல்லாம் என் வாயால் போச்சு. பாயை விரித்தேன், சுருட்டினேன், மறுபடி விரித்தேன். சாயங்காலம் ஐயர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காலிப் பாயைப் பார்த்தார், பிறகு மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தார்.

அப்போது வாசலில் சலசலப்பு. அந்த வெற்றிலைக்காரி முன்னால், அவளுக்குப் பின்னால் லயமே திரண்டாற்போல் பெண்கள். படிக்கு வெளியிலேயே நின்றார்கள். அவள் கையில் இலைப்பொட்டலம், பிரித்தால் மல்லிகைச் சரம். "அக்கா, புருஷன் உசுரோட இருக்கையில உங்களை அந்தச் சொல்லு சொல்லிட்டோம். ராத்திரி ஒருத்தியும் கண்ணை மூடலை. அவருக்கு ஏதும் ஆயிட்டா எங்களுக்கு ஏழேழு ஜென்மத்துக்கும் ஆகாது. இதை வச்சுக்கங்க. வச்சாத்தான் உள்ள வருவோம். இல்லேன்னா இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படி வர்றது?"

நான் ஐயரைப் பார்த்தேன். எங்கள் சபையில் பூ வைக்கிற வழக்கம் இல்லை. என் வீட்டுக்காரரே அதைப் பற்றி மேடையேறிப் பேசியவர். வைத்தால் ஐயர் நாளைக்கே அனுப்பிவிடுவார். வைக்காவிட்டால் இவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள், அப்போதும் கப்பல்தான். கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. அப்படியே மரம் மாதிரி நின்றேன்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். வாசலுக்குப் போய் அந்தச் சரத்தை வாங்கினார். "திரும்பு" என்றார் என்னிடம். கல்யாணமான நாளிலிருந்து என் தலைமுடியைத் தொட்டறியாத மனுஷர். அவர் கை கொண்டையில் தடுமாறியது.

"மேல இல்ல அண்ணே, கீழ, கீழ லா!" என்று அந்தப் பெண் பினாங்குக்காரர்களின் 'லா'வைப் போட்டு அதட்டினாள். மற்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் எப்படியோ செருகி முடித்துவிட்டு ஐயரைப் பார்த்து, "ஐயரே, ஏதாச்சும் சொல்லணும்னா என்கிட்ட சொல்லுங்க. வச்சுவிட்டது நான்தான்" என்றார்.

ஐயர் படியேறி வந்த பெண்களுக்கு இடம் விட்டு நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினார். பாய் நிறைந்து, பாய்க்கு வெளியிலும் உட்கார்ந்தார்கள். "வாங்க உபதேசியாரே, நாம வெளிய நிப்போம்" என்று சொல்லி ஐயர் என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டு அழைத்துப் போனார்.

அந்த வெற்றிலைக்காரி என் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "அரிசிக்கும் வரலை, கஞ்சிக்கும் வரலை. பின்ன எதுக்குக்கா இந்த வயசுல கடலைத் தாண்டி வந்தீங்க? சொல்லுங்க" என்றாள்.

எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில் அது! வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அழுது முடிக்கட்டும் என்று அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.