பார்டரில் நிற்கிறார்

சங்ககிரியில் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய ஊர்ப்பெயர் பார்டர். அப்பா லாரி ஓட்டினார். யாராவது அவரைத் தேடி வந்தால் அம்மா, "பார்டர்ல நிக்கறாருங்க" என்பாள். வந்தவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தலையாட்டிவிட்டுப் போவார். தீபாவளிக்கு அப்பா வராததற்கும், தங்கையின் காதுகுத்து தள்ளிப்போனதற்கும் அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

பார்டர் பெரிய ஊர் என்றே நினைத்திருந்தேன். நான்காம் வகுப்புக் கட்டுரையில், 'என் தந்தை மாதத்தில் பாதி நாள் பார்டர் என்னும் ஊரில் வசிக்கிறார்' என்று எழுதினேன். டீச்சர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் அவர்மேல் மரியாதை உண்டு. வரைபடத்தின் முன் என்னை நிறுத்தி, இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓடிய கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"பார்டர்னா எல்லை, கண்ணு. ஊரில்ல. இந்தக் கோடுதான்."

தலைமுடி அளவே இருந்த கோடு. அதன்மேல் பத்துச் சக்கர லாரி எப்படி நிற்கும்? டீச்சருக்கு விவரம் போதாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த ஆவணியில் அப்பா வடக்கிலிருந்து லோடு ஏற்றித் திரும்பிக்கொண்டிருந்தார். கர்நாடகத்தைத் தாண்டிவிட்டால் நம் மாநிலம். கடைசிச் சோதனைச்சாவடியில் ஏதோ ஒரு காகிதம் சரியில்லை என்று வண்டியை நிறுத்திவிட்டார்கள். முன்னும் பின்னும் லாரிகள். இரண்டாம் நாள் போனில் அம்மாவிடம் நெஞ்சு கரிக்கிறது என்றாராம். "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அம்மா கத்தினாள். "வண்டிய உட்டுட்டு எங்க போறது? நாளைக்கு ஊட்டுக்கு வந்தர்றேன்" என்றாராம்.

மறுநாள் காலையில் போனை எடுத்தது நான். அப்பாவோடு மாற்றி மாற்றி ஓட்டும் இன்னொரு டிரைவர் பேசினார்.

"அப்பா எங்கீங்க?"

"பார்டர்லதான் சாமி. ஊட்ல பெரியவங்க ஆராச்சும் இருந்தாக் குடு."

அம்மா போனை வாங்கிக் காதில் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்துத் தெருவிலிருந்த மாமா, அம்மாவின் தம்பி, செருப்புக்கூடப் போடாமல் காரில் ஏறிப் போனார். அடுத்த நாள் மதியம் அப்பாவை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மாமாவின் கையைப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நம்ம பக்கம் வந்துட்டாராடா?"

மாமா ஆம்புலன்சின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "வந்துட்டாருக்கா. தாண்டி வந்து, நம்ம பக்கத்துலதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாண்டிவிட்டார் என்றால் நேராக வீட்டுக்கு வந்திருக்க வேண்டியதுதானே? எல்லோரும் அழும்போது நான் அழவில்லை. அப்பாவோடு பேசக்கூடாது என்று ஒதுங்கி நின்றேன்.

இறப்புச் சான்றிதழ் இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. கல்லூரியில் சேரும்போதுதான் அதை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். உயிர் போன இடத்தில் தரும் காகிதம் அது. கன்னட எழுத்து, கர்நாடக அரசின் முத்திரை. ஒரு வரிகூடத் தமிழில் இல்லை.

அம்மா நன்றாகத் தமிழ் வாசிப்பாள். உறையைப் பிரித்தவளும் அவள்தான். ஆனால் அதற்குப் பிறகும் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "நம்ம பக்கம் வந்துதானுங்க போனாரு" என்றாள். அப்போதெல்லாம் மாமா தலைகுனிந்து எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்கு எங்கள்மேல் பாசம் குறைந்துவிட்டது என்று அந்த வயதில் நினைத்தேன்.