மாதா பாட்டிலில் ஓர் ஏரி

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கும் என் அண்ணன் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஜிபூட்டியிலிருந்து லீவில் வந்தபோது, மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை ஷோகேஸில் வைத்துவிட்டுப் போனான். நீலக் கிரீடம்தான் அதன் மூடி. முன்பு லூர்து தீர்த்தம் நிரப்பி அம்மா கொடுத்தனுப்பிய அதே பாட்டில். உள்ளே இருப்பது என்ன தண்ணீர் என்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாதா பாட்டிலில் வேறென்ன இருக்கும்?

அப்பாவுக்குக் கிட்னி பழுது. உப்பை டாக்டர் அறவே நிறுத்தியிருந்தார். உப்பளம் என்று பேர் வைத்த பேட்டையில் குடியிருந்துகொண்டு உப்பில்லாத ரசம் சாப்பிடுகிறேன் என்று அப்பாவே கிண்டலடிப்பார். அம்மா காலையும் மாலையும் ஒரு மூடித் தீர்த்தம் கொடுக்கத் தொடங்கினாள்.

பத்து நாளில் மாதாவின் முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள். கிரீடத்தின் அடியில் தொடங்கி, கண் வழியாகக் கன்னத்தில் இறங்கின. துடைத்தால் மறுநாளும் வந்தன. அந்த அறைக்குள் தனியாகப் போகவே எனக்குப் பயமாக இருந்தது. படித்தவள் என்ற திமிரில் வெளியே சொல்லவில்லை.

"கரிக்குதே" என்றார் அப்பா.

"மாதா கண்ணீரு கரிக்காம இனிக்குமா? குடிங்க" என்றாள் அம்மா.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்பாவின் கால் வீங்கியது. அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. எங்கிருந்தோ உப்பு உள்ளே போகிறது என்று டாக்டர் கத்தினார். அன்று மாலை, அழும் மாதாவைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏய், அது தீர்த்தம் இல்லடி! அசால் ஏரித் தண்ணி. சும்மா ஞாபகத்துக்குப் புடிச்சாந்தேன். கடலவிடப் பத்து மடங்கு உப்பு. கடல் மட்டத்துக்கும் கீழ கெடக்கு அந்த ஏரி. தண்ணி உள்ள வரும், வெளிய போவ வழியே கெடயாது. வெயிலு தண்ணிய எடுத்துக்கும், உப்ப வுட்டுடும்."

உள்ளே வரும், வெளியே போக வழியில்லை. நான் அப்பாவின் காலைப் பார்த்தேன்.

அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தால் உடைந்துபோவாள். பாட்டிலைக் கொட்டிக் கழுவி, கேன் தண்ணீரை நிரப்பி வைத்தேன். மெல்ல வீக்கம் வடிந்தது. கோடுகளும் வரவில்லை. "பாத்தியா, அழுவுறத நிறுத்திட்டாங்க" என்று அம்மா மெழுகுவத்தி ஏற்றினாள்.

நேற்றுக் காலை மறுபடியும் ஒரு வெள்ளைக் கோடு. தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. சரியாகக் கழுவியிருக்க மாட்டேன், மூடி இடுக்கில் மிச்சம் ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் காலை அமுக்கினேன். குழி விழவில்லை. அவர் கண் விழித்து "என்னாம்மா?" என்று கேட்கும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.