மரபணு இல்லாத கத்தரிக்காய்

பதிமூன்று வருஷம் எனக்கு ஷரீஃப் பாய் மேல் கடுப்பு இருந்தது. ஆள் போன பிறகும் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு நல்லதாக மட்டும் எழுத எனக்கு வராது. ஏழாவதோடு நின்றவன் நான். எழுதுவதே பெரும்பாடு, இதில் பொய் வேறு எதற்கு.

என் பெயர் தனபாலன். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். எதிரே ஒரு மெடிக்கல் ஷாப். அதன் கவுண்டரில் முப்பத்தைந்து வருஷம் நின்றவர் ஷரீஃப் பாய்.

மரபணு மாற்றிய கத்தரிக்காயை நாட்டுக்குள் விடலாமா கூடாதா என்று பேப்பரில் ஒரு சண்டை ஓடியது ஞாபகம் இருக்கும். அரசாங்கம் நிறுத்தி வைத்துவிட்டது. ஆனால் ஜனங்களுக்குப் பயம் போகவில்லை. காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "இது அந்த மாதிரியா?" என்று கேட்பார்கள். தினமும் பதில் சொல்லி அலுத்துப்போய் ஒரு பலகை எழுதி மாட்டினேன். 'இங்கே மரபணு இல்லாத காய்கறி கிடைக்கும்.' நல்ல கூட்டம் வந்தது. மாட வீதியிலிருந்து ஒரு மாமி என் கடை வாசலில் நின்றே போனில், "இனிமே எங்காத்துக்கு இவன்கிட்டதான் காய்" என்றார்.

அந்த நேரம் பார்த்து டீ கிளாஸோடு பாய் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"தனபாலு, மரபணு இல்லாத கத்திரிக்கா ஒன்னு குடு."

எடுத்துக் கொடுத்தேன்.

"இதுல மரபணு இல்லியா?"

"சுத்தமா இல்ல பாய்."

"அப்ப இது கத்திரிக்காவே இல்ல நைனா. உசுரு உள்ள எல்லாத்துலயும் மரபணு கீது. உனுக்கும் கீது, எனுக்கும் கீது. கல்லுலதான் கெடையாது. இன்னா, கல்லு விக்கிறியா?"

மாமி போனை வைக்காமலே சிரித்தார். ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் சிரித்தார்கள். மறுநாள் என் கடைக்குக் 'கல்லுக் கடை' என்று பெயர். நம் ஊர் வாயில் கல்லுக்கும் கள்ளுக்கும் வித்தியாசம் ஏது? ஒரே வாரத்தில் நான் 'கள்ளுக்கடை தனபாலு'. ஒரு சொட்டு குடித்தவன் இல்லை நான். பள்ளிக்கூடத்தில் யாரோ 'கள்ளுக்கடைக்காரர் பொண்ணு' என்று கூப்பிட்டதில் என் மகள் சிந்து அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அன்றோடு பாயிடம் பேச்சை நிறுத்தினேன். பலகையை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால், அவர் சொன்னது சரி என்று நானே எழுதி மாட்டியதாக ஆகிவிடும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மரபணு மாற்றிய கத்தரிக்காய் விற்க இந்த நாட்டில் இன்றைக்கும் அனுமதி கிடையாது. கோயம்பேட்டில் நான் எடுக்கிற மூட்டையைத்தான் பக்கத்துக் கடைக்காரனும் எடுக்கிறான். அவன் பலகை மாட்டவில்லை, நான் மாட்டினேன், அவ்வளவுதான்.

என் மனைவி தங்கபுஷ்பத்துக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. முதலில் மாத்திரை, பிறகு காலையும் இரவும் இன்சுலின் ஊசி. எதிரே மருந்துக் கடை இருக்க, நான் லஸ் கார்னர் வரைக்கும் நடந்து போய் வாங்கி வருவேன். வீம்பு.

போன வருஷம் சித்திரை வெயிலில் அவள் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. இன்சுலின் என்பதே மரபணு மாற்றிய கிருமியிலிருந்து எடுக்கிற மருந்து, அத்தனையும் விஷம் என்று ஒருவன் கை நீட்டிப் பேசுகிறான். அவள் ஊசியை நிறுத்திவிட்டாள். எனக்கு அது ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. வாந்தி நிற்கவில்லை, தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறாள், மூச்சு வாங்குகிறது.

"ஏன்டி இப்பிடிப் பண்ண?"

"நீதான போர்டு எழுதி வெச்சுக்கீற? மரபணு சமாச்சாரமே வேணாம்னு ஊருக்குச் சொல்ற. ஊருக்கு ஒன்னு, பொண்டாட்டிக்கு ஒன்னா?"

ரோட்டைத் தாண்டிப் போய் கவுண்டர் முன்னால் நின்றேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பேசியது ஒரே வரி. "தங்கபுஷ்பம் ஊசிய நிறுத்திட்டா பாய்."

கல்லு, கள்ளு எதையும் அவர் எடுக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் என்னோடு வீட்டுக்கு வந்தார். குனிந்து அவள் மூச்சை முகர்ந்தார்.

"பழ வாடை அடிக்குது பார். எத்தினி நாளா?"

நேற்றிலிருந்தே அந்த வாடையை நானும் கவனித்திருந்தேன். கடையில் பப்பாளி அழுகிவிட்டது என்று நினைத்து இரண்டு கூடையைக் கொட்டித் தேடியவன் நான்.

"சர்க்கர தலைக்கு மேல போச்சு. பேச்சு அப்பறம், ஆட்டோவ கூப்புடு."

ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் டிரிப்பிலேயே இன்சுலினும் ஏற்றி ஆளை மீட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தெளிவாகக் கண் திறந்தாள். நர்ஸம்மா ஊசியோடு வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். டாக்டர் சத்தம் போட்டார், சிந்து அழுதாள், நான் கத்தினேன். அசையவில்லை. இப்படியே வீட்டுக்குப் போனால் அடுத்த தடவை ஆட்டோ போதாது என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

பார்க்க வந்திருந்த பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாமா, ஊசின்னா பயமா?"

"ஊசிக்கு இல்ல பாய். கிருமிக்குள்ள மனுச மரபணுவ வெச்சு அதுலேர்ந்து எடுக்கிறாங்களாமே. நெசமா?"

"நெசந்தான்."

நான் அவர் காலை மிதித்தேன். "இல்லைன்னு சொல்லித் தொலை பாய்."

"பொய் சொல்லச் சொல்றியா? ஒருத்தருக்குச் சொன்னதே போதும்."

பிறகு அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் அப்பாவை இழந்தவர் பாய். அம்மா கமர் ஜஹான், தி.நகர் ஜவுளிக் கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுத்து அவரை ஃபார்மசி படிக்க வைத்தார். அந்த அம்மாவுக்கும் சர்க்கரை. அந்தக் காலத்தில் இன்சுலினை மாட்டுக் கணையத்திலிருந்தோ பன்றிக் கணையத்திலிருந்தோதான் எடுப்பார்கள். ஒவ்வொரு சீசாவுக்கும், "இது எதுலேர்ந்துப்பா?" என்று அம்மா கேட்பாராம். ஒரு தடவை ஊரெல்லாம் அலைந்தும் பன்றி மருந்துதான் கிடைத்தது. உயிர் போகிற நிலையில் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியும் அம்மா மறுத்துவிட்டார். பாய் லேபிளை ஈரத் துணியால் தேய்த்து உரித்துவிட்டு, மாட்டு மருந்து என்று சொல்லிப் போட்டார். இப்படி ஒன்றரை வருஷம். அம்மா தெரியாமலே போய்விட்டார்.

"அதுக்கப்பறந்தான் இந்த மருந்து நம்ம கடைக்கு வந்துச்சு. பன்னி இல்ல, மாடு இல்ல. மனுச ஒடம்பு இன்சுலின் செய்யிற அந்த ஒரு மரபணுவோட நகல கிருமிக்குள்ள வெச்சா, அது செஞ்சு குடுக்குது. செஞ்சத வடிகட்டி எடுத்துக்கினு கிருமிய வுட்டுர்றாங்க. தயிரு ஒறயறதும் கிருமியாலதாம்மா. மருந்து டப்பாவுல வர்ற அந்தக் காயிதத்த நான் எத்தினி தடவ படிச்சேன்னு எனுக்கே தெரியாது. ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நான் பொய் சொல்லியிருக்க வேணாம்."

தங்கபுஷ்பம் கேட்டாள், "அப்ப அந்த வீடியோல சொன்னது பூரா பொய்யா?"

"பூரா பொய்யில்ல. பருத்தியில புழு அண்டாத வெதன்னு கொண்டாந்தாங்க. கொஞ்ச வருஷம் நல்லாதான் இருந்துச்சு, மருந்தடிக்கிறது கொறஞ்சுது. அப்பறம் புழு அதுக்குப் பயகிக்கிச்சு. வெதைக்கும் கம்பெனிகிட்டயே போயி நிக்கணும். நெலத்துல வெச்சது பக்கத்து நெலத்துக்குப் பரவுமான்னு கேள்வி கீது. அதுக்கெல்லாம் சண்ட போடு, நானும் வரேன். இந்தச் சீசா வேற கத. ஒன்னொன்னா கேக்கணும்மா. மொத்தமும் அமிர்தம்னு சொல்றவனயும் நம்பாத, மொத்தமும் விஷம்னு போர்டு மாட்றவனயும் நம்பாத."

"அவர்தான் பாய், அவர்தான் காரணம்" என்று என்னைக் காட்டினாள்.

"தெரியுமே. கல்லு யாவாரிதான?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் நர்ஸம்மாவைக் கூப்பிட ஓடினேன். "இதுக்கும் பயப்பட வேண்டியது கீது" என்று பாய் அதையும் சொன்னார். "ஊசி போட்டுட்டு துன்னாம இருந்தா மயக்கம் வரும். ஒரே எடத்துல குத்தினா கட்டி வரும். இதுக்குப் பயப்படு."

அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் பலகையைக் கழற்றினேன். மறுநாள் பாய் எதிரிலிருந்து, "இன்னா தனபாலு, சரக்கு தீந்துடுச்சா?" என்று கத்தினார். ஆட்டோ ஸ்டாண்டே சிரித்தது. ஒரு ஆள் உயிரைக் காப்பாற்றினாலும் வாயைக் கட்ட முடியாத மனுஷன். ஆனால் அதற்குப் பிறகு நான் லஸ் வரைக்கும் நடக்கவில்லை.

தை மாதம் பாய்க்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது ஒரு காலை நேரம். ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தவர், நலம் விசாரிக்க எனக்கு இடம் கொடுக்கவில்லை.

"பட்டினப்பாக்கத்துல மீனாட்சின்னு ஒரு பொம்பள, மீன் விக்கிறவ. மாசம் ஒன்னாந்தேதி இன்சுலின் வாங்க வந்துருவா. இன்னிக்கு எட்டாந்தேதி. வரலன்னு கடையில சொன்னாங்க. அந்த வீடியோ இன்னும் சுத்திக்கினுதான் கீது."

"நான் இன்னா சொல்லணும் பாய்?"

"நீ ஒன்னும் சொல்லாத. உன் வாயி சரியில்ல. ஏன் வரலன்னு கேளு, அவ சொல்றத முழுசா கேளு. போர்டு மாட்டுன கதைய வேணா சொல்லு, சிரிப்பா. டாக்டர் சீட்டு நம்ம கடை டிராயர்ல கீது, மருந்த வாங்கிக்கினு இப்பவே கெளம்பு, வெயில் ஏறிடும். ஒன்னு மட்டும் மறக்காத. மருந்த மீனு ஐஸ் பெட்டியில வெச்சுக்குறேன்னு சொல்லுவா. வுடாத. ஒறஞ்சு போனா மருந்து வீணு. மண்பானத் தண்ணி பக்கத்துல வெக்கச் சொல்லு. வெச்சுட்டாளான்னு நின்னு பாத்துட்டு வா."